ஆளு வந்திருக்கு

குத்தாலத்துக்குத் தெற்கே ஓர் ஊரில் அந்த வருஷம் சம்பா அறுப்பு நின்றுபோனது ஒரு வினைமுற்றினால். சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் நடந்தது அதுதான்.

களத்தில் நின்ற பண்ணைக் காரியக்காரர் வழக்கம்போல, "ஆளு எத்தனை வந்திருக்கு?" என்று கேட்டார். மாடு எத்தனை வந்திருக்கு, வண்டி எத்தனை வந்திருக்கு என்று கேட்கிற அதே வாய். அவருடைய அப்பாவும் அப்படித்தான் கேட்டிருப்பார். அரிவாளோடு நின்றிருந்த ஐயாவு, "எத்தனை பேரு வந்திருக்காங்கன்னு கேளுங்க. எங்களுக்குப் பேரு இருக்கு," என்றார். காரியக்காரருக்குக் கோபம் வந்தது. கோபத்தில் ஒரு வசவு வந்தது. வசவுக்குப் பின்னால், சர்க்கார் சட்டம் போட்டும் கொடுக்காத கூலியின் பேச்சும் வந்தது. வரப்பில் கொடி ஏறியது, பள்ளிக்கூடத்தில் போலீஸ் வந்து இறங்கியது, முற்றிய நெல் வயலிலேயே சாய்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் இறங்கி வரவில்லை. பொங்கல் மட்டும் யாரையும் கேட்காமல் வந்துகொண்டிருந்தது.

ஐயாவுவின் ஒரே தங்கை வேம்பு அப்போது மன்னார்குடியில் இருந்தாள். ஆனியில் கல்யாணமாகி வந்தவள். இதுதான் அவளுக்குத் தலைப்பொங்கல். புருஷன் கோவிந்தராசு அரசு பஸ்ஸில் கண்டக்டர். கட்சியால் வேலை கிடைத்த நன்றிக்கு, வீட்டில் கட்சிக்கரை வேட்டியைத் தவிர வேறு கட்டுவதில்லை. மச்சான் ஊர்ச் சங்கதி காதில் விழுந்ததும் பெண்டாட்டியைச் சீண்டினான்.

"நாங்க ஆளுங்கட்சி. உங்கண்ணன் ஆளுங்க கட்சி. நடுவுல கொஞ்சம் மூச்சு விட்டாப் போதும், ரெண்டும் ஒண்ணுதான்."

வேம்பு சிரித்தாள். ஆனால் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். காரணம், வீட்டுக்கார அம்மாள் அம்சம்.

அம்சத்தின் புருஷன் தாலுகா ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. அவர்கள் வீட்டின் பின்பாதியில்தான் வேம்பு குடியிருந்தாள். வாசல் இருவருக்கும் பொது. வந்த புதிதில் அம்சம், "ஊர்ல நெலம் நீச்சு உண்டா?" என்று கேட்டாள். "வடக்கு வாய்க்கா ஓரம் எங்க வயல்தான். ஒரே பரப்பு," என்றாள் வேம்பு. அது பொய் இல்லை. நாற்றுவிட்ட வயலை, நட்ட வயலை, களை பறித்த வயலை அந்தப் பக்கத்தில் எல்லோரும் "எங்க வயல்" என்றுதான் சொல்வார்கள். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பேச்சில் யார் பார்க்கிறார்கள்? ஆனால் அம்சம் தாலுகா ஆபீஸ்காரர் பெண்டாட்டி. வயல் என்றால் பட்டா என்றே அவளுக்குக் காதில் விழும். "அப்படியா!" என்று கண்ணை அகல விரித்தாள். அந்த அகலம் வேம்புவுக்குப் பிடித்துப்போய்விட்டது. திருத்தவில்லை. திருத்தாதது மட்டுமா, களத்தில் வைக்கோல் போர் போட்டால் கூரை மறையும் என்றாள், கொல்லையில் கன்று கட்ட இடமில்லை என்றாள். ஆடின கால் நிற்காது என்பது போல அவள் வாயும் நிற்கவில்லை.

"உனக்குத் தலைப்பொங்கல் சீர் வண்டி கட்டித்தான் வரும்," என்று அம்சம் மார்கழி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். "வந்ததும் என்னைக் கூப்பிடு. தெருவுக்கே காட்டணும்."

பொங்கலுக்குச் சில நாள் இருக்கும்போது ஒரு காலை வேளையில் சீர் வந்தது. வண்டியில் வரவில்லை. ஐயாவுவின் தலையில் வந்தது.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த வேம்பு தெருமுனையிலேயே பார்த்துவிட்டாள். தலையில் ஒரு சாக்கு மூட்டை. கனம் தாங்காமல் கழுத்து குறுகியிருந்தது. வெற்று மார்பு. கக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அறுப்பே இல்லாத ஊரில் எங்கேயோ புரட்டி ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்துவிட்டாரே என்று விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"அண்ணே!"

பக்கத்தில் வந்தபோதுதான் சாக்கிலிருந்து சொட்டுவது தெரிந்தது. சேற்றுத் தண்ணீர் அவர் காதோரமாக வழிந்து தோளில் கோடு போட்டிருந்தது.

"மூட்டையில என்னண்ணே?"

ஐயாவு வாசலில் மூட்டையை இறக்கினார். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சாக்கின் கட்டை அவிழ்த்தபடியே பேசினார்.

"இந்த வருஷம் ஒண்ணும் முடியல வேம்பு. பானை, கரும்பு, சேலை எதுக்கும் வழியில்ல. கையை வீசிக்கிட்டு வர மனசு வரல. நம்ம வடக்கு வாய்க்கா மண்ணு. ஊற வச்சு, உமி போட்டு மிதிச்சு, புளிக்க வச்சு எடுத்தாந்தேன். அம்மா போடற மாதிரி பொங்கல் அடுப்பு போட்டுத் தந்துட்டுப் போறேன்."

"மண்ணாண்ணே?"

"மண்ணுதான்," என்று சிரித்தார். "பஸ்ஸுல ஒரே சண்டை. சொட்டுது சொட்டுதுன்னு கத்தினாங்க. நல்லவேளை, கும்பகோணத்துல மாப்பிள்ளை பஸ்ஸே கெடச்சுது. 'எங்க மச்சான் மூட்டை, யாரும் வாயைத் தொறக்கப்படாது'ன்னுட்டாரு." கக்கத்துப் பொட்டலத்தை அவளிடம் நீட்டினார். "சட்டை. நனைஞ்சுரும்னு கழட்டி வச்சேன். உன் வீட்டுல சாப்பிட உக்காரறப்போ போட்டுக்கறேன்."

வேம்பு பொட்டலத்தை வாங்கிச் சுவரோரம் வைத்தாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. அண்ணன் கொண்டுவந்த மண்ணை நினைத்தா, தான் அளந்துவிட்ட கதைகளை நினைத்தா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. அம்சம் கோயிலுக்குப் போயிருந்தாள். வருவதற்குள் அண்ணனை உள்ளே உட்கார வைத்துவிடலாம், சீர் பின்னால் வருகிறது என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். ஆனால் ஐயாவு அதற்குள் மண்ணில் கை வைத்துவிட்டார்.

அந்தக் கை ஓடுவதைப் பார்த்தபோது வேம்புவுக்கு மற்றது கொஞ்சம் மறந்துபோனது. அடிமண்ணைத் தட்டிப் பரப்பி, சுவர் எழுப்பி, வாய் திறந்து, பானை உட்கார மூன்று குமிழ் வைத்தார். அம்மா உயிரோடு இருந்தபோது அம்மா போடுவாள். அப்புறம் ஒவ்வொரு தையிலும் அண்ணன்தான். அடுப்பு முடிந்ததும் அதன் வாய்க்கு மேலே, நெற்றியில் ஓரிடத்தை ஈரத் துணியால் வழவழவென்று தேய்த்து, வேம்புவின் கையைப் பிடித்து அங்கே அழுத்துவார். "பொண்ணு கை பட்டாத்தான் பானை பொங்கும்" என்பது அம்மா சொன்னது. முதல் வருஷம் அரசிலை அளவு கை. அப்புறம் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. புகை படியப் படிய அந்த அஞ்சு விரலும் தெளிவாகத் தெரியும்.

அதே போல இப்போதும் நெற்றியைத் தேய்த்து முடித்தார். "கையைக் குடு," என்றார்.

வேம்பு குந்தினாள். வளையலை மேலே ஏற்றிக்கொண்டு கையை நீட்டினாள். விரல் மண்ணைத் தொடப்போன நேரம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"யாரு வேம்பு வந்திருக்கறது?"

அர்ச்சனைத் தட்டோடு அம்சம் நின்றிருந்தாள். சேறு வழிந்த முதுகையும் கிழிந்த சாக்கையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் வந்திருக்கு" என்றுதான் வேம்பு சொல்லப் போனாள். அந்தப் பக்கத்தில் செல்லம் மிகுந்தால் அண்ணனும் அஃறிணைதான். அம்மா வந்துச்சு, அண்ணன் சொல்லுச்சு என்பார்கள். வாயில் 'அ' வந்தும்விட்டது. அந்த 'அ' எப்படி நீண்டது என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை.

"ஆளு வந்திருக்கு," என்றாள். "அடுப்பு போட."

'வந்திருக்கு' மாறவில்லை. முன்னால் இருந்த சொல் மட்டும்தான் மாறியது.

துணியைப் பிழிந்துகொண்டிருந்த ஐயாவுவின் கை நின்றது. பிறகு மறுபடி பிழிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், திட்டியிருந்தால், வேம்பு அழுது அப்போதே உண்மையைக் கொட்டியிருப்பாள். நீட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். துடைக்க அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

அம்சம் கிட்டே வந்து அடுப்பைச் சுற்றிப் பார்த்தாள். நல்லதைக் கண்டால் வாய்விட்டுச் சொல்கிற குணம் அவளுக்கு.

"எவ்வளவு நேர்த்தியாப் போட்டிருக்கீங்க! உங்க பேரு என்னங்க?"

பேருக்காக ஒரு ஊர் அறுப்பையே நிறுத்திவிட்டு வந்த மனுஷன் நிமிராமல் அடுப்பின் விளிம்பை வழித்துவிட்டார்.

"பேரு எதுக்குங்கம்மா," என்றார். "ஆளுதான்."

வேம்புவுக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. பூமி அப்படியெல்லாம் உதவி செய்வதில்லை.

"மண்ணு மிச்சம் இருந்தா எனக்கும் ஒண்ணு போட்டுத் தாங்களேன்," என்றாள் அம்சம். ஐயாவு தலையசைத்தார். அம்சம் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரெண்டாவது அடுப்பு எழும்பியது. முதல் அடுப்பின் நெற்றி வெயிலில் வெளுக்கத் தொடங்கியது. வேம்பு உள்ளேயும் வாசலுக்குமாக நடந்தாள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வந்தாள், ஒவ்வொரு தடவையும் ஒரு செம்புத் தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம், "ஆளுக்குச் சோறு போட்டியா?" என்று அம்சம்தான் ஞாபகப்படுத்தினாள். வேம்பு இலையைக் கொண்டுவந்து வாசல் ஓரத்தில், வேலியடியில் போட்டாள். உள்ளே கூப்பிட முடியவில்லை. புருஷனுக்கென்று பொரித்திருந்த மீனில் இரண்டு துண்டை இலையில் வைத்து, அதன்மேல் சோற்றைக் கொட்டி மறைத்தாள். ஐயாவு கை கழுவிக்கொண்டு வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்தார். சோற்றைப் பிசையும்போது மீன் தட்டுப்பட்டது. ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதைச் சோற்றாலேயே மூடி, வெளியில் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டார். சட்டைப் பொட்டலம் சுவரோரத்தில் பிரிக்கப்படாமல் கிடந்தது.

வேலை முடிந்ததும் அம்சம் அரிசி கொண்டுவந்தாள். ஐயாவு துண்டை விரித்து வாங்கி முடிந்துகொண்டார். வேம்புவின் அடுப்பருகே போய்க் குனிந்து ஏதோ சரிசெய்தார். எழுந்து வந்து அவள் முன்னால் நின்றார்.

"நான் வரேங்கம்மா. நல்லா வெயில் காட்டுங்க. விரிசல் விட்டா சாணியைக் கரைச்சுப் பூசுங்க."

தூக்கி வளர்த்த பிள்ளையிடம் சொன்ன 'ங்க' அது. குத்திக்காட்டச் சொல்லவில்லை, அவள் சொன்ன பொய் நிற்க வேண்டுமே என்று முட்டுக்கொடுத்தார். அதுதான் வேம்புவை அறுத்தது. "சரி" என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவர் தெருமுனையில் திரும்பினார்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் டூட்டி முடிந்து கோவிந்தராசு வந்தான். வாசலில் நுழையும்போதே குரல்.

"எங்கே எங்க மச்சான்? மண்ணு மூட்டையைத் தூக்கிக்கிட்டு வந்தாரே! பஸ்ஸையே நாறடிச்சுட்டாரு. தங்கச்சிக்குத் தலைப்பொங்கல் அடுப்பு அவர் கையால போடணுமாம். அடடா, போட்டும் முடிச்சாச்சா?"

அம்சம் தன் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"யாரு? அந்த ஆளா?"

"ஆளா? என் பெண்டாட்டியோட அண்ணன்க்கா. ஐயாவு."

கோவிந்தராசு பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் புரிந்துகொண்டு, அடுத்த கேள்வியை விழுங்கினான். அம்சம் மெதுவாகத்தான் சொன்னாள்.

"உன் அண்ணன் துண்டுல நான் கூலி அளந்து போட்டேனேடி. ஏண்டி, அண்ணன்னு சொல்லியிருந்தா உன்னை வீட்டை விட்டா தொரத்தியிருப்பேன்? பக்கத்துல உக்கார வச்சு நானே பரிமாறியிருப்பேனே."

அந்தக் கடைசிப் பேச்சை வேம்புவால் தாங்க முடியவில்லை. யாருக்குப் பயந்து சொன்னாளோ, அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கோவிந்தராசு அடுப்பின் வாய்க்குள் கைவிட்டு எதையோ எடுத்தான். சிவப்புத் துண்டு. அதில் முடிந்த அரிசி. அம்சம் அளந்து போட்ட அதே அரிசி. "ஆளு" என்று பேர் வாங்கிச் சம்பாதித்ததைத் தங்கையின் பொங்கலுக்குச் சீராக வைத்துவிட்டுப் போயிருந்தார்.

வேம்பு ஓடினாள். செருப்புப் போடவில்லை. பின்னாலேயே அம்சமும் மூச்சிரைக்க வந்தாள். தானும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவளுக்கு.

பஸ் ஸ்டாண்டில் ஆளுங்கட்சிக்காரர்கள் தமிழர் திருநாள் விழாவுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். மேடையில் ஒருவர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். நாலு திசையிலும் குழாய் ஒலிபெருக்கி. கும்பகோணம் பஸ் நகரத் தொடங்கியிருந்தது. ஜன்னலோரத்தில் ஐயாவு இருந்தார். வெளுத்த சட்டை, மடிப்புக் கலையாமல் இருந்தது. தங்கை வீட்டில் போடாத சட்டையை பஸ்ஸில் போட்டிருந்தார்.

"அண்ணே!" என்று கத்தினாள் வேம்பு. டீக்கடைக்காரர் திரும்பினார். டிரைவர் ஒருவர் திரும்பினார். பந்தலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவன் திரும்பி, "என்னம்மா?" என்றான். ஊரில் இருக்கிற ஆம்பிளை எல்லாம் அண்ணன்தானே. "அண்ணா வழியில்" என்று ஒலிபெருக்கி முழங்கியது, கூட்டம் அதைத் திருப்பி முழங்கியது. அந்த இரைச்சலில் அவள் அண்ணன் எங்கே கேட்கும்?

"ஐயாவு அண்ணே! ஐயாவு!" என்று பேர் சொல்லிக் கத்தினாள். பிறந்ததிலிருந்து அண்ணனைப் பேர் சொல்லி அழைத்ததில்லை.

ஐயாவு வெளியே பார்த்தார். அவள் வாய் அசைவது தெரிந்தது, சொல் அவருக்குக் கேட்கவில்லை. வெறுங்காலோடு தங்கை நிற்பதையும் அவளுக்குப் பின்னால் வீட்டுக்கார அம்மாள் நிற்பதையும் பார்த்தார். உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, இருவருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"கூலியெல்லாம் சரியாப் போச்சுங்கம்மா! நீங்க போங்க!"

கும்பிட்டார். பஸ் திரும்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து வேம்பு அடுப்பின் முன்னால் குந்தினாள். தண்ணீரைத் தொட்டுத் தடவி, நெற்றியில் கையை வைத்து அழுத்தினாள். எழுந்து மறுபடி குந்தி, முழு பலத்தையும் கொடுத்து அழுத்தினாள். மண் இறுகியிருந்தது. உள்ளங்கை வலித்ததே தவிர ஒரு விரல்கூடப் பதியவில்லை.

"காணும் பொங்கலுக்கு ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துருவோம்," என்றான் கோவிந்தராசு. போய் நின்றால் "வாங்கம்மா" என்று சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

பொங்கலன்று அந்தத் துண்டில் இருந்த அரிசியைத்தான் களைந்து போட்டாள். அம்சத்தின் அடுப்பை ஒட்டியே வேம்புவின் அடுப்பும் எரிந்தது. பால் பொங்கி, நுரை பானை விளிம்பைத் தாண்டி, அடுப்பின் நெற்றியில் கை பதிய வேண்டிய வெற்றிடத்தின் மேல் வழிந்தது. பொங்கலோ பொங்கல் என்று தெரு சத்தம் போட்டது. எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "அடுப்பு அழகா இருக்கே. எங்க வாங்கினே?" என்று கேட்டாள்.

"வாங்கல," என்றாள் வேம்பு. "எங்க அண்ணன் வந்திருந்துச்சு. எங்க அண்ணன் போட்ட அடுப்பு."

அடுத்த வீட்டில் கேட்காமலே போய்ச் சொன்னாள். அதற்கடுத்த வீட்டிலும் சொன்னாள். அன்று தெரு முழுக்க அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கேட்க வேண்டிய ஆள் மட்டும் அங்கே இல்லை.